பதில் வராத வகுப்பறை

1

கணிப்பொறிக்குச் சாதி தெரியாது என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கல்லூரி ஆசிரியர்கள், முற்போக்கு நண்பர்கள், நம்ம ஆட்களிலேயே நாலு எழுத்துப் படித்து நகரத்துக்குப் போனவர்கள், எல்லாரும் சொல்கிறார்கள். வலைப்பின்னல் வழியாக நடக்கிற வகுப்பில் முன் பெஞ்சும் கிடையாது, கடைசி பெஞ்சும் கிடையாது. தனிப் பானை இல்லை, தனி டம்ளர் இல்லை. ஒருத்தர் மேல் ஒருத்தர் படுவதற்கு அங்கே உடம்பே இல்லை. உடம்பு இல்லாத இடத்தில் தீட்டு எங்கே வரும் என்கிறார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையை யாரும் தொடாமல், யாரும் பார்க்காமல், பாடத்தை மட்டும் அதனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடுமா? நாம் பேச வேண்டிய கேள்வி இதுதான். கருவி நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகு வருகிற சங்கதி.

சாத்தாராவில் தான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றி அம்பேத்கர் எழுதி வைத்திருக்கிறார். வகுப்பின் ஒரு மூலையில் தனியாக உட்கார வேண்டும். உட்கார ஒரு கோணிச் சாக்கு. பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற ஆள் அந்தச் சாக்கைத் தொடமாட்டான். அதனால் சாயங்காலம் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திரும்ப எடுத்துவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்க வேண்டும். பியூன் இல்லை என்றால் தண்ணீர் இல்லை.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் அந்தச் சாக்கு நெஞ்சில் தைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலையில் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவன் காதுக்குப் பாடம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் சொன்ன கணக்கு, வாய்ப்பாடு எல்லாம் கேட்டது. பாடம் வந்து சேர்வதில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. அந்தச் சிறுவன் வகுப்புக்குள் இருந்தான், ஆனால் வகுப்பைச் சேர்ந்தவனாக இல்லை. உள்ளே விட்டும் விடாமல் வைத்திருக்க ஆதிக்கச் சாதி கண்டுபிடித்த ஒரு கருவிதான் அந்தச் சாக்கு. தீண்டாமை என்பது தூரத்தைப் பராமரிக்கிற ஒரு தொழில்நுட்பம். அப்படி இருக்கும்போது தூரத்தில் இருந்தபடியே கற்பிக்கலாம் என்று ஒரு புதுக் கருவி வந்தால், அது தீண்டாமைக்கு எதிரி என்று பார்த்தவுடனே எப்படி முடிவு கட்டுவது?

2

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. ஏறக்குறைய 19 மாதம். அந்த 19 மாதமும் செல்போனும் தொலைக்காட்சியும்தான் வகுப்பறை என்றார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஓடின. தனியார் பள்ளிகள் ஜூமுக்குப் போயின. அரசுப் பள்ளி ஆசிரியர்களில் பலர் வாட்ஸ்அப் குழு அமைத்தார்கள்.

வீடுகள் எப்படி இருந்தன? 2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 100 கிராமத்து வீடுகளில் ஏறத்தாழ 4 வீட்டில்தான் கணிப்பொறி இருந்தது. இணைய வசதி இருந்தது 15 வீட்டில். நகரத்தில் இது 23ம் 42ம். அந்த நாலு வீடு ஊரில் எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்பதை நமக்குப் புள்ளிவிவரம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் இணைய வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த ஒரு தலித் சிறுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அப்பா கூலித் தொழிலாளி. வீட்டில் இருந்த தொலைக்காட்சி பழுது. ஸ்மார்ட்போன் இல்லை. படிப்பில் நாட்டம் உள்ள பிள்ளை. எழுத்தறிவில் முதல் மாநிலம் என்று பேர் வாங்கிய இடத்திலேயே இது நடந்தது. வகுப்பு எல்லாருக்கும் தொடங்கிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்த அதே நாளில், தனக்கு மட்டும் தொடங்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

நான் இருப்பது திண்டிவனம் பக்கம். எங்கள் காலனியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு இரவுப் பாடசாலை நடத்துகிறோம். அந்த 19 மாதமும் அதுதான் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே கூரை. வீட்டுக்கு ஒரு செல்போன் என்பதே பெரிய விசயம். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஒரு அம்மா சொன்னது இப்பவும் காதில் இருக்கிறது: "போனு அவரோட செங்கச் சூளைக்குப் போயிடுது சார். ராத்திரி எட்டு மணிக்கு வருது. அப்ப பாத்தா சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தா காசு போட்டிருக்காது. இதுல எங்க இருந்து எம்புள்ள படிக்கும்?" கருவி இல்லாமை என்பது இதுதான். இது எல்லாருக்கும் தெரிந்த குறை. எல்லாருக்கும் செல்போன் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடிகிற குறை.

எனக்கு அதற்கு அடுத்த கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. போன் கிடைத்த பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?

பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புக் குழுவைப் பார்த்தேன். காலையில் ஆசிரியர் பாடத்தின் படத்தையோ வீடியோவையோ போடுவார். கீழே "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று ஒரு வரி. ஆனால் அட்மின் மட்டும்தான் செய்தி போட முடியும் என்று குழுவைப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பூப்படம் போடுகிறார்கள், பெற்றோர் காலை வணக்கம் போடுகிறார்கள், தொல்லையாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வாயைக் கட்டி வைப்பதற்கு என்ன பேர்? ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய தடையாக இல்லை. அவர்களின் பெற்றோரிடம் ஆசிரியரின் எண் இருந்தது. நேரே கூப்பிட்டுக் கேட்டார்கள். நம் பிள்ளைகள் வீட்டிலும் அதே எண் இருந்தது. கூப்பிடுகிற தைரியம்தான் இல்லை.

இன்னொரு நாள் அதே குழுவில், யார் யார் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை என்று காட்ட ஆசிரியர் தன் போன் திரையைப் படம் பிடித்துப் போட்டார். அவர் போனில் எண்களைப் பதிந்துவைத்திருந்த விதம் எல்லார் கண்ணுக்கும் பட்டது. ஊர்ப் பிள்ளைகளின் பேருக்குப் பக்கத்தில் வகுப்பு. நம் பிள்ளைகளின் பேருக்குப் பக்கத்தில் 'காலனி'. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு வசதி, அவ்வளவுதான். சாதி எப்பவும் ஒரு வசதியாகத்தான் வேலை செய்கிறது. கணிப்பொறிக்குச் சாதி தெரியாதுதான். அதில் பேரைப் பதிகிற விரலுக்குத் தெரியும்.

3

மறைந்துகொள்ள முடிகிறதே, அதுவே ஒரு விடுதலைதானே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இது லேசான வாதம் இல்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். உடன் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்ப்பனர்கள். அவர்களோடு பழகினால் தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்று பயந்து, மணி அடிக்கிறவரை வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். பிற்காலத்தில் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து வாதாடிய மனுசர் அவர். அவருக்கே பள்ளிக்கூட வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இணைய வகுப்பில் கேமராவை நிறுத்தி வைத்துக்கொண்ட பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது. கேமராவைப் போட்டால் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தெரியும். கொடியில் தொங்குகிற துணி தெரியும். சுவரில் மாட்டியிருக்கிற படம் தெரியும். அது யார் படம் என்பதை வைத்தே தெருவைச் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடத்தில் சீருடை கொஞ்சமாவது மறைத்ததை வீட்டுச் சுவர் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் பிள்ளை கேமராவை நிறுத்துகிறான். திரையில் அவன் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். "கேமராவைப் போடு, தூங்குறியா?" என்று அதட்டல். போடவும் முடியாது, ஏன் போடவில்லை என்று சொல்லவும் முடியாது.

ஒளிந்துகொள்கிற அந்த நிம்மதியை நான் கேலி செய்யமாட்டேன். அடிபட்டவனுக்கு நிழல் எங்கே கிடைத்தாலும் நிழல்தான். ஆனால் ஒளிந்திருக்கிறவரைக்கும் மட்டும் கிடைக்கிற சமத்துவம் சமத்துவம் ஆகாது. ஒளிய வேண்டியவர்கள் யார்? தப்பு செய்கிறவன்தான் உலகத்தில் ஒளிந்துகொள்வான். இங்கே தப்பு செய்யாதவன் கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறான், சாதி பார்க்கிறவன் பளிச்சென்று வெளிச்சத்தில் இருக்கிறான். இந்தத் தலைகீழை மாற்றாமல், கறுப்புக் கட்டத்தையே விடுதலை என்று நமக்கு விற்கிறார்கள்.

போதாததற்கு, ஒளிவதற்கும் எல்லா நேரத்திலும் இடம் கிடைப்பதில்லை. கரக்பூர் ஐஐடியில், நேரடி இடம் பெற மதிப்பெண் கொஞ்சம் குறைந்த தலித், பழங்குடி, மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு ஒரு வருட ஆயத்த வகுப்பு உண்டு. 2021 ஏப்ரலில் அந்த மாணவர்களுக்கான இணைய வகுப்பில் ஒரு ஆங்கிலப் பேராசிரியர் அவர்களை அசிங்கமான வார்த்தைகளால் திட்டினார். அங்கே உடம்பு இல்லை, தொடுதல் இல்லை, தனிப் பானை இல்லை. வகுப்புப் பட்டியலே சாதியைச் சொல்லிவிட்டது. உடம்பு இல்லாத இடத்தில் தீட்டு எங்கே வரும் என்று கேட்டவர்களுக்கு அந்த வகுப்பு பதில் சொல்லிவிட்டது.

அதே சம்பவத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பேச்சு பதிவாகி வெளியே வந்தது. நாடு முழுக்கப் பார்த்தது. மே மாதம் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். நாலு சுவருக்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அப்படி யாரும் சொல்லலியே, சாட்சி இருக்கா?" என்றிருப்பார்கள். நம் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய வசவுகளை எழுதத் தொடங்கியபோதெல்லாம் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் விமர்சனம் வந்தது. முதல் முறையாக வகுப்பறையின் கதவு திறந்து, உள்ளே நடப்பது உள்ளபடியே வெளியே கேட்டது. நம் சாட்சியத்துக்குத் துணையாக ஒரு சாட்சி வந்ததை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

4

எங்கள் பாடசாலைக்கு வருகிற பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வீடியோ பார்த்தே கணக்குப் படித்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் வீடியோவை விடவில்லை. ஏம்மா, இப்பதான் வகுப்பு நடக்குதே என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "வீடியோல இருக்கிற சார் என்னப் பாத்து மூஞ்சி சுளிக்கமாட்டாரு சார். பத்து வாட்டி நிறுத்தி நிறுத்திக் கேட்டாலும் இதுகூடத் தெரியாதாம்பாரா?"

எத்தனையோ கல்வி அறிக்கைகள் சொல்லாததை அந்தப் பெண் சொல்லிவிட்டாள். இதைக் கேட்டவுடனே கணிப்பொறியின் பெருமைக்கு ஒரு சான்று கிடைத்தது என்று ஒருத்தர் எழுதிக்கொள்ளலாம். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்கு மனுச முகத்தைவிடப் பதிவு செய்த முகம் ஆறுதலாக இருக்கிறது என்றால், அது அந்த மனுச முகங்கள் மேல் சொன்ன தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டில் நிற்பது பள்ளிக்கூடம். செல்போன் வெறும் சாட்சி.

ஏகலைவன் கதையை நாம் கட்டை விரலோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு முந்தின பாதியைப் பாருங்கள். குரு சேர்த்துக்கொள்ளவில்லை. காட்டில் குருவின் பிம்பத்தைச் செய்து எதிரே வைத்துக்கொண்டு வேடன் மகன் தானே வில் கற்றான். பிம்பம் அவனை விரட்டவில்லை, மூஞ்சி சுளிக்கவில்லை. நன்றாகவும் கற்றுக்கொண்டான், அருச்சுனன் பொறாமைப்படுகிற அளவுக்கு. அதனால் பிம்பத்திடம் கற்க முடியாது என்று நான் சொல்லமாட்டேன். கற்கலாம். ஆனால் பிம்பத்துக்கு அவன் மேல் எந்தக் கடமையும் இல்லை. அவனுக்காகப் பேசவும் வராது. உயிருள்ள குரு அவனைத் தேடி வந்தது ஒரே ஒரு முறை. அது எதற்கு என்று நமக்குத் தெரியும். கற்பிக்கிற பொறுப்பை ஏற்காதவனுக்குக் கற்றதின் பலன்மேல் மட்டும் உரிமை இருந்தது.

இப்போது பிம்பமே பதில் பேசுகிறது என்கிறார்கள். கேள்வியைத் தட்டினால் செயற்கை நுண்ணறிவு தமிழிலேயே விளக்கம் தருகிறது. பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். அப்படியானால் பதில் வராத வகுப்பறை என்ற பேச்சே முடிந்துபோனதா? சாத்தாரா பள்ளிக்கூடத்துக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பியூன் இல்லாமலே, கையை நீட்டினால் தானாகத் திறக்கிற குழாய் ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால்? சிறுவனின் தாகம் தீர்ந்திருக்கும். அது நல்ல விசயம், அதை மறுக்கிறவன் மனுசனில்லை. ஆனால் அவன் தொட்ட குழாயில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று நின்ற பள்ளிக்கூடம் அப்படியேதான் நின்றிருக்கும். இன்னும் சொன்னால், இனிமேல் அது வெட்கப்படவும் வேண்டியதில்லை. "அதான் தண்ணி கிடைக்குதே, வேற என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும்.

அவர்களுக்குத்தான் போன் இருக்கிறதே, அதில் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஆசிரியரும் அரசாங்கமும் கையைக் கழுவுகிற நாள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் கிடைப்பது வேறு, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருத்தர் எதிரே இருப்பது வேறு. யந்திரத்திடம் பதில் கிடைக்கும். நீ ஏன் என் பிள்ளைக்குச் சொல்லித்தரவில்லை என்று யந்திரத்தின் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது.

5

தமிழில் 'கேள்வி' என்கிற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று வினா. இன்னொன்று காதால் கேட்டுப் பெறுகிற அறிவு. குறளில் கேள்வி என்றே ஒரு அதிகாரம் இருக்கிறது, அது இரண்டாவது பொருளில். நம் சமூகத்துக்கு இரண்டாவது கேள்வியைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டார்கள். கேள், வாங்கிக்கொள், வாயை மூடு. முதல் கேள்வியை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. வலைப்பின்னலை வகுப்புக்குள் கொண்டுவருகிறவர்களிடம் நான் வைக்கிற அளவுகோல் இதுதான்: பட்டியலில் கடைசியாக இருக்கிற பிள்ளை அதில் கேள்வி கேட்க முடிகிறதா? கேட்டால் பேர் சொல்லிப் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா?

பூனாவில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848இல். அவர்களிடம் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, 14 வயதில், மாங்குகளும் மகர்களும் படுகிற துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 1855இல் 'ஞானோதயா' பத்திரிகையில் அது அச்சாகி வந்தது. பாடம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதால் மட்டும் அந்தப் பள்ளி பெரியது ஆகவில்லை. அவளிடமிருந்து ஒரு குரல் புறப்பட்டு, அவளை அறியாதவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு அச்சுப் பத்திரிகைதான் தூரத்தைத் தாண்டுகிற வலைப்பின்னல். அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் இருந்தார்கள்.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் இதை யாரும் சொல்லாமலே செய்தார்கள். பள்ளிக் குழு பூட்டியிருந்ததால் 4 போனை வைத்து 11 பேர் தங்களுக்குள் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் எல்லாரும் பேசலாம். எழுத வராதவர்கள் குரல் பதிவு போட்டார்கள். "அக்கா, கீழ இருக்கிற நம்பர் வேற வேறயா இருந்தா எப்படிக் கூட்டுறது?" என்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பொடியன் கேட்பான். பிளஸ் டூ அக்கா அப்பத்தைப் பிய்த்துக் காட்டுகிற மாதிரி பேசியே விளக்குவாள். பக்கத்துக் கிராமத்துக் காலனிப் பிள்ளைகளும் பின்னால் சேர்ந்தார்கள். விலை மலிவான அதே போன், அதே வாட்ஸ்அப்தான். பூட்டு மட்டும் இல்லை.

19 மாதம் கழித்து, 2021 அக்டோபரில் அரசாங்கமே 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கு அனுப்பியது. திரை போதாது, ஆள் வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டதாகத்தான் நான் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் காலனிப் பிள்ளைகளுக்குக் காலனிப் பெண்ணும், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெண்ணும் பாடம் எடுத்தார்கள். ஆள் வந்தார்கள், ஆனால் தெரு தாண்டி வரவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, உதவித்தொகை பற்றிய செய்தியை மாணவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதெல்லாம் காகிதப் பதிவேட்டுக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆதிதிராவிடர் உதவித்தொகைப் பட்டியலை மொத்த வகுப்புக் குழுவிலும் போடுகிற பழக்கம் ஒழிய வேண்டும். ஆசிரியர் போனில் இருக்கிற 'காலனி' என்ற ஒட்டு அழிய வேண்டும். கேமராவைப் போடச் சொல்லிப் பிள்ளையை அதட்டக் கூடாது. எல்லாரும் பேசுகிறபடி குழுவைத் திறந்துவைத்து, வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் அதே இடத்தில் பதில் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் ஒரே குழுவாகச் சேர்ந்து செய்கிற வேலைகளைக் கொடுக்க வேண்டும். பேர்களை ஆசிரியர் கலந்து போட வேண்டும், பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் தெருவாகத்தான் பிரியும்.

இதற்கெல்லாம் புதுக் கணிப்பொறி வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். படித்த தோழர்கள், கல்லூரியில் இருக்கிற மாணவர்கள், அவரவர் ஊர்ப் பள்ளிக் குழுவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பூட்டியிருந்தால் தலைமையாசிரியரிடம் போய்க் கேளுங்கள். அதுவரைக்கும் நம் பிள்ளைகள் கையில் இருக்கிற நாலு போனுக்கு மாசாமாசம் காசு போடுகிற வேலையை நாம் எடுத்துக்கொள்வோம்.